செல்லும் அலையும் நின்ற அலையும்

வீணையின் தந்தி ஒன்றை விரலால் மீட்டினால், அதன் இரு முனைகளும் அசையாது நிற்க, நடுப்பகுதி மட்டும் அகன்று மங்கலாகத் தோன்றும். அந்த வடிவம் இடப்பக்கம் போவதுமில்லை, வலப்பக்கம் போவதுமில்லை. நின்ற இடத்திலேயே நின்று ஒலிக்கின்றது. ஆதலின் அறிவியலார் அதற்கு நின்ற அலை என்று பெயரிட்டனர். ஆயினும் அதே அறிவியலார் அந்தத் தந்தியிலுள்ள அலைக்கு ஒரு வேகமும் கூறுகின்றனர். செக்கனுக்கு இத்தனை மீற்றர் என்று கணக்கும் தருகின்றனர். உயர்தர வகுப்பிலே பௌதிகவியல் கற்கும் மாணவன் ஒருவன் இதைக் கேட்டவுடன், “நிற்கின்ற ஒன்றுக்கு வேகம் ஏது?” என்று வினவுவானாயின், அவன் மந்தமானவன் அல்லன். பாடத்தின் உயிர்நிலையைத் தொட்டவன் அவனே.

அந்த வினாவுக்கு விடை காணப் புகுவோர் முதலில் வேறொரு வினாவை எழுப்ப வேண்டும். அலையைப் பற்றிப் பேசும்போது எதனுடைய வேகம் பேசப்படுகின்றது என்பதே அது. அலை என்னும் ஒரே நிகழ்ச்சியில் ஒன்றுக்கு மேற்பட்ட வேகங்கள் அடங்கியுள்ளன. அவற்றைப் பிரித்தறியாதவர்க்குச் சூத்திரம் மனப்பாடமாக இருந்தாலும் பொருள் விளங்குவதில்லை.

கிணற்றடியிலே நீளமான கயிறு ஒன்றின் ஒரு முனையைப் பூவரச மரத்திற் கட்டி, மறு முனையைக் கையிற் பிடித்து, ஒருமுறை மேலும் கீழும் உதறிப் பார்க்கலாம். ஒரு மேடு புறப்பட்டு மரத்தை நோக்கி ஓடும். அந்தக் கயிற்றின் நடுவிலே ஒரு சிவப்புத் துணித்துண்டை முன்னரே கட்டிவைத்திருந்தால், மேடு வந்து சேரும்போது துணி மேலெழும். மேடு கடந்ததும் கீழிறங்கும். துணி மரத்தை நோக்கி ஓர் அங்குலமும் நகர்ந்திராது. கயிறு இருந்த இடத்திலேயே இருக்கின்றது. ஓடியது அதன் வடிவமும் அது சுமந்த சக்தியுமே. காற்று வீசும் வேளையில் கதிர் ஈன்ற வயலை நோக்கும் உழவன் பயிர்மீது அலை ஓடக் காண்கின்றான். எந்தப் பயிரும் வேரை விட்டு ஓடுவதில்லை.

ஆகவே ஓடுகின்ற அலையில் இரண்டு வேகங்கள் உள. ஒன்று, அலை முன்னேறும் வேகம். மற்றொன்று, அலை கடக்கும்போது கயிற்றின் ஒவ்வொரு துணுக்கும் மேலும் கீழும் அசையும் வேகம். முன்னையது கயிற்றின் இழுவையையும் பாரத்தையும் பொறுத்தது. இழுத்துப் பிடித்த கயிற்றில் அலை விரைந்து செல்லும்; தடித்த பாரமான கயிற்றில் மெதுவாகச் செல்லும். கை பெரிதாக உதறினாலும் சிறிதாக உதறினாலும் அந்த வேகம் பெரிதும் மாறுவதில்லை. பின்னையதோ கை எவ்வளவு வலிந்து உதறியது என்பதைப் பொறுத்தது. பாடநூல்கள் விருத்தியலை என்று கூறும் இவ்வகை அலையைச் செல்லும் அலை என்று எளிதாக அழைக்கலாம்.

இந்த இரு வேகங்களின் வேறுபாடு வெறும் ஏட்டுக் கணக்கன்று என்பதை இலங்கை மக்கள் பெரும் விலை கொடுத்து அறிந்துள்ளனர். 2004ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 26ஆம் திகதி, அன்றைய இலங்கை நேரப்படி காலை ஏழு மணி ஆவதற்கு ஓரிரு நிமிடங்களே இருந்தபோது, சுமாத்திராவின் வடமேற்குக் கரைக்கு அப்பால் கடலடித் தளம் பிளந்து அசைந்தது. அங்கே எழுந்த அலை ஏறத்தாழ 1,600 கிலோமீற்றர் தூரத்தைக் கடந்து, இரண்டு மணி நேர அளவில் இலங்கையின் கிழக்குக் கரையைத் தாக்கியது. இந்நாட்டில் மட்டும் 30,000க்கு மேற்பட்ட உயிர்கள் மாண்டன.

அந்த அலையின் வேகத்தைக் கணிக்கும் முறை எளியது. அலையின் நீளம் கடலின் ஆழத்தைவிட மிகப் பெரிதாயிருக்கும்போது அதன் வேகத்தை ஆழமே தீர்மானிக்கின்றது. ஆழத்தை மீற்றரில் எடுத்து, புவியீர்ப்பின் அளவாகிய 9.8 ஆற் பெருக்கி, வர்க்கமூலம் கண்டால் வேகம் கிடைக்கும். கடல் 4,000 மீற்றர் ஆழமுடையதாயின், அலை செக்கனுக்கு ஏறத்தாழ 200 மீற்றர், அதாவது மணிக்கு 700 கிலோமீற்றருக்கு மேல் விரையும். ஆகாய விமானத்தின் வேகம் அது. ஆனால் அந்த நேரத்திலே நடுக்கடலில் நீர் என்ன வேகத்தில் அசைந்தது? அலை புறப்பட்ட இரண்டு மணி நேரத்தின் பின் அவ்வழியே மேலாகச் சென்ற செயற்கைக்கோள் ஒன்று கடல்மட்டம் அரை மீற்றர் அளவே உயர்ந்திருந்ததைப் பதிந்தது. அந்த உயரத்துக்கும் அந்த ஆழத்துக்கும் கணக்கிட்டால், நீர்த்துணுக்குகள் செக்கனுக்கு இரண்டு மூன்று சென்ரிமீற்றர் மட்டுமே நகர்ந்திருக்கும். எறும்பு ஊர்வதை ஒத்த வேகம் அது. நடுக்கடலில் இருக்கும் படகோட்டி அத்தகைய அலை தன்னைக் கடந்ததையே உணரமாட்டான்.

கரை நெருங்கும்போது நிலைமை தலைகீழாகின்றது. ஆழம் 100 மீற்றராகக் குறையும்போது அலையின் வேகம் செக்கனுக்கு ஏறத்தாழ 31 மீற்றராகக் குறைகின்றது. ஆழம் 10 மீற்றராகும்போது 10 மீற்றர் அளவாகின்றது. முன்பகுதி மெதுவாகப் பின்பகுதி நெருக்கி வருவதால், நீண்டு படுத்திருந்த அலை குறுகி எழுகின்றது. அலையின் வேகம் குறைய, நீரின் வேகம் கூடுகின்றது. ஈற்றில் இரண்டும் ஒன்றையொன்று நெருங்கும் நிலையில் நீரே நிலத்தின்மேற் பாய்கின்றது. ஆழ்கடலிற் சென்றது வடிவம். கரையில் வந்து விழுந்தது நீர். இந்த மாற்றமே அழிவின் காரணம்.

அதுவுமன்றி, செல்லும் அலை தனியாகச் செல்வதில்லை. ஒரு மேட்டின் பின் ஒரு பள்ளமும், அதன் பின் இன்னொரு மேடும் வரும். தென்மேற்குக் கரையிலே பெரலிய என்னும் இடத்தில் முதல் நீர்ப்பெருக்கு மாத்தறை செல்லும் புகையிரதத்தை நிறுத்தியது. அண்டை வீட்டார் பலர் அதுவே பாதுகாப்பான இடமென்று எண்ணி வண்டியில் ஏறினர். அடுத்து வந்த பெரிய அலை வண்டியையே புரட்டியது. ஆயிரத்துக்கு மேற்பட்டோர் அங்கு மாண்டனர். ஓர் அலை வடிந்தது ஆபத்து வடிந்ததாகாது என்பதை அறிந்திருப்பது எவ்வளவு பெரிய கல்வி!

செல்லும் அலையின் இயல்பு இவ்வாறாயின், நின்ற அலை எங்ஙனம் தோன்றுகின்றது? மரத்திற் கட்டிய கயிற்றுக்கே திரும்பிச் செல்லலாம். கையிலிருந்து ஓடிய மேடு மரத்தை அடைந்ததும் மறைந்துவிடுவதில்லை. அது தலைகீழாகத் திரும்பிக் கையை நோக்கி வருகின்றது. கை விடாது ஒரே சீராக அசைந்துகொண்டிருந்தால், போகும் அலைகளும் திரும்பும் அலைகளும் ஒரே கயிற்றில் எதிரெதிரே ஓடும். அவை ஒன்றையொன்று தடுப்பதில்லை. கயிறிழுப்புப் போட்டியிலே சமபலம் கொண்ட இரு அணிகள் அசையாது நிற்பதை இதற்கு உவமையாகக் கூறுவது பிழை. இரண்டு அலைகளும் ஒன்றனூடாக மற்றொன்று தடையின்றிச் செல்கின்றன. கயிறு அந்த இரண்டின் கூட்டுத்தொகையை மட்டும் காட்டுகின்றது.

கையின் அசைவு கயிற்றின் நீளத்துக்கு ஒத்ததாக அமையும்போது, அந்தக் கூட்டுத்தொகை ஓர் ஒழுங்கு பெறுகின்றது. சில இடங்களில் போகும் அலையும் திரும்பும் அலையும் எப்போதும் ஒன்றை மற்றொன்று கழித்துவிடும். அவ்விடங்களில் கயிறு அசைவதேயில்லை. அவற்றைக் கணு என்பர். இரு கணுக்களின் நடுவே இரண்டும் கூடிக்கொள்ளும். அங்கே அசைவு மிகப் பெரிது. அதனை முரண்கணு என்பர். கரும்பின் கணுக்கள் போல அவை சம தூரத்தில் அமைந்திருக்கும். அடுத்தடுத்த இரு கணுக்களுக்கு இடையிலுள்ள தூரம் செல்லும் அலையின் நீளத்திற் சரிபாதி. 1860ஆம் ஆண்டளவில் ஜேர்மனியின் மார்பேர்க் நகரப் பேராசிரியர் பிரான்ஸ் மெல்டே என்பவர், அதிரும் இசைக்கவையிலே ஒரு நூலைக் கட்டி இதனை யாவரும் கண்ணாற் காணும்படி செய்து காட்டினார். இன்றும் பாடசாலை ஆய்வுகூடங்களிற் செய்யப்படும் பரிசோதனை அது.

இப்போது மாணவனின் வினாவுக்கு விடை கூறலாம். ஒரு மீற்றர் நீளமுள்ள தந்தி ஒன்று செக்கனுக்கு 100 முறை அதிர்வதாகக் கொள்க. அதன் இரு முனைகளே கணுக்கள்; நடுவே ஒரு முரண்கணு. அலைநீளம் தந்தியின் நீளத்தைப்போல் இருமடங்கு. எனவே 2 மீற்றர். மீடிறன் 100. இவ்விரண்டையும் பெருக்கினால் செக்கனுக்கு 200 மீற்றர் என்னும் வேகம் கிடைக்கின்றது. தந்தியின் நடுப்பகுதி ஒரு மில்லிமீற்றர் அளவுக்கு மேலும் கீழும் ஆடுமாயின், அந்தத் துணுக்கின் மிகக் கூடிய வேகம் செக்கனுக்கு ஏறத்தாழ 63 சென்ரிமீற்றர். கண்ணுக்குத் தெரியும் அந்த அகன்ற வடிவமோ எங்கும் போகவில்லை; அதன் வேகம் பூச்சியம். ஒரே தந்தியில் 200 மீற்றர், 63 சென்ரிமீற்றர், பூச்சியம் என்னும் மூன்று விடைகளும் உண்மையே. வினா எதனைக் குறித்தது என்பதே வேறுபாடு.

அந்த 200 மீற்றர் யாருடைய வேகம்? நின்ற அலையை உண்டாக்கிய இரண்டு செல்லும் அலைகளின் வேகம் அது. ஒரு மேடு தந்தியின் ஒரு முனையிலிருந்து புறப்பட்டு, மறு முனையில் மோதித் திரும்பி வர 2 மீற்றர் ஓடவேண்டும். செக்கனுக்கு 200 மீற்றர் ஓடுவது 2 மீற்றர் ஓட எடுக்கும் நேரம் செக்கனில் நூறிலொரு பங்கு. தந்தி ஒருமுறை அதிர எடுக்கும் நேரமும் அதுவே. போய்வரும் நேரமே அதிர்வு நேரம் என்னும் இந்த ஒரு வாக்கியம் மனத்திற் பதிந்தால், நின்ற அலையின் கணக்கெல்லாம் அதிலிருந்து பிறக்கும்.

வீணை வாசிப்போர் இதனை விரலால் அறிவர். பிரடையை முறுக்கினால் தந்தியின் இழுவை கூடுகின்றது, அலை விரைந்து ஓடுகின்றது, சுரம் உயர்கின்றது. மெட்டின்மேல் விரலை வைத்து அழுத்தினாலும் சுரம் உயர்கின்றது. ஆனால் அங்கே அலையின் வேகம் பெரிதும் மாறவில்லை. ஓடவேண்டிய பாதை குறுகியது. அதே மெட்டில் தந்தியைப் பக்கவாட்டில் இழுத்துக் கமகம் காட்டும்போது மீண்டும் வேகம் கூடுகின்றது. காதுக்குச் சுரம் உயர்ந்தது என்னும் ஒரே பயன். காரணமோ ஓரிடத்தில் வேகம், வேறோரிடத்தில் தூரம். சூத்திரத்தை மட்டும் கற்றவன் இவ்விரண்டையும் குழப்புவான்.

தந்தியில் நிகழ்வது ஏரியிலும் நிகழ்கின்றது. சுவிற்சர்லாந்துக்கும் பிரான்சுக்கும் இடையே ஜெனீவா ஏரி 70 கிலோமீற்றருக்கு மேற்பட்ட நீளத்திற் கிடக்கின்றது. சில நாட்களில் அதன் ஒரு கோடியில் நீர் மெல்ல உயர்ந்து, பின் தாழ்ந்து, மீண்டும் உயர்வதை அங்குள்ள மக்கள் பல நூற்றாண்டுகளாகக் கண்டுவந்தனர். 1841ஆம் ஆண்டில் ஜெனீவாக் கரையில் நீர்மட்டம் ஒன்றேமுக்கால் மீற்றருக்கு மேல் ஏறி இறங்கியது. ஏரிக்கரை ஊராகிய மோர்ஷ் என்னுமிடத்திற் பிறந்த பிரான்சுவா அல்போன்ஸ் போறெல் என்னும் அறிஞர் 1869ஆம் ஆண்டு முதல் இதனைத் தொடர்ந்து ஆராய்ந்தார். உடலமைப்பியலையும் உடற்றொழிலியலையும் கற்பித்த பேராசிரியர் அவர். தம் ஊர் ஏரியை வாழ்நாள் முழுவதும் நோயாளியின் நாடியைப் பார்ப்பவர் போலப் பார்த்துவந்தார். காற்றும் வளியமுக்க வேறுபாடும் ஏரி நீரை ஒருபுறம் குவித்துப் பின் விட்டுவிட, முழு ஏரியும் வீணைத்தந்தி போல நின்ற அலையாக ஆடுகின்றது என்று அவர் நிறுவினார். இரு கோடிகளில் நீர் ஏறி இறங்க, இடையே ஒரு கணு அசையாது நிற்கும். ஓர் ஆட்டம் முடிய ஏறத்தாழ 73 நிமிடம் செல்லும்.

இங்கும் போய்வரும் நேரமே அதிர்வு நேரம். பாசல் நகரத்து மெரியன் என்பவர் 1828ஆம் ஆண்டிலேயே இதற்குரிய கணக்கை வகுத்திருந்தார். ஏரியின் சராசரி ஆழம் ஏறத்தாழ 154 மீற்றர். ஆழிப்பேரலைக்குக் கூறிய அதே விதிப்படி, அந்த ஆழத்தில் அலை செக்கனுக்கு 39 மீற்றர் அளவில் ஓடும். 73 கிலோமீற்றர் போய்த் திரும்புவதற்கு 63 நிமிடம் ஆகும். கணக்கு 63, கண்டது 73. பத்து நிமிட வேறுபாடு எதனால் வந்தது? மெரியனின் கணக்கு ஒரே ஆழமுள்ள நீள்சதுரத் தொட்டிக்கு உரியது. ஜெனீவா ஏரியின் மேற்குப் பகுதியோ ஒடுங்கியது, ஆழமும் குறைந்தது. ஆழங்குறைந்த இடத்தில் அலை மெதுவாக ஓடுவதால் நேரம் நீளுகின்றது. பிழை போலத் தோன்றிய பத்து நிமிடமும் ஏரியின் அடித்தளத்தைப் பற்றிய செய்தியாகவே அமைந்தது.

நின்ற அலைக்குள் செல்லும் அலையின் வேகம் மறைந்திருக்கின்றது என்னும் இந்த உண்மையே பின்னர் ஒரு பெரும் கண்டுபிடிப்புக்கு வாயிலாயிற்று. மின்னும் காந்தமும் இணைந்து ஓர் அலையாக வெளியிற் பரவும் என்றும், அதன் வேகம் ஒளியின் வேகமே என்றும் ஸ்கொட்லாந்து அறிஞர் ஜேம்ஸ் கிளார்க் மாக்ஸ்வெல் 1865ஆம் ஆண்டு வெளியான கட்டுரையிற் கணித்துக் கூறினார். அத்தகைய அலையை எவரும் கண்டதில்லை. மாக்ஸ்வெல் 1879ஆம் ஆண்டிலே காலமானார். அவர் கூற்று ஏட்டளவில் நின்றது.

அதனை மெய்ப்பித்தவர் ஜேர்மனியின் கார்ல்ஸ்ரூஹே நகரத் தொழில்நுட்பக் கல்லூரியில் இளம் பேராசிரியராயிருந்த ஹைன்றிச் ஹேர்ட்ஸ். மின்பொறி பாயும் கருவி ஒன்றினால் அவர் மின்காந்த அலைகளை உண்டாக்கினார். ஆனால் செக்கனுக்கு 3 இலட்சம் கிலோமீற்றர் ஓடுவதாகக் கூறப்பட்ட ஒன்றை ஒரு விரிவுரை மண்டபத்துக்குள் எவ்வாறு அளப்பது? மண்டபத்தின் நீளம் ஏறத்தாழ 15 மீற்றர். ஒளி அதனைக் கடக்கும் நேரத்தை அளக்கவல்ல கடிகாரம் அந்நாளில் இல்லை. ஓடுவதைத் துரத்திப் பிடிக்க இயலாதென்று கண்ட ஹேர்ட்ஸ் அதனை நிற்கச் செய்தார். 1888ஆம் ஆண்டில் மண்டபத்தின் ஒரு சுவரில் 4 மீற்றர் உயரமும் 2 மீற்றர் அகலமும் உள்ள நாகத்தகடு ஒன்றை அமைத்தார். அலை அதிற் பட்டுத் திரும்பி, தன் பின்னே வரும் அலையோடு கூடி நின்ற அலையாயிற்று. இருளாக்கிய மண்டபத்தில், சிறு இடைவெளியுள்ள ஒரு கம்பி வளையத்தை ஏந்தி அவர் சுவரிலிருந்து அடியடியாக நகர்ந்தார். முரண்கணு உள்ள இடத்தில் வளையத்தின் இடைவெளியில் நுண்ணிய பொறி தெறித்தது. கணு உள்ள இடத்தில் பொறி அவிந்தது. அரை அலைநீளம் 4.8 மீற்றர் அளவென்று கண்டார். கடிகாரம் செய்ய முடியாததை அளவுகோல் செய்தது.

அலைநீளம் அளவிற் கிடைத்தது. மீடிறனோ கருவியின் அமைப்பிலிருந்து கணிக்கப்பட்டது. அந்தக் கணிப்பில் ஒரு தவறு இருந்ததைப் பிரெஞ்சுக் கணித அறிஞர் ஆன்றி புவன்காரே 1890ஆம் ஆண்டிற் சுட்டிக் காட்டினார். வேறொரு சிக்கலும் இருந்தது. கம்பி வழியே சென்ற அலையின் நீளமும் வெளியிற் சென்ற அலையின் நீளமும் ஒத்துவரவில்லை. இரண்டும் ஒன்றாதல் வேண்டும் என்பது மாக்ஸ்வெல் கொள்கை. மண்டபம் சிறிது, தகடும் சிறிது, சுவர்களிலிருந்து வேண்டாத அலைகளும் திரும்பிக் கணுக்களை இடம்பெயர்த்தன. 1893ஆம் ஆண்டு ஜெனீவா நகரத்து எதுவார் சறசன், லூசியன் தெலறீவ் என்னும் இருவர் அந்நகர நீர்விசை நிலையத்தின் பெருமண்டபத்திலே 16 மீற்றர் நீளமும் 8 மீற்றர் உயரமும் உள்ள உலோகச் சுவர் ஒன்றை எழுப்பி அதே பரிசோதனையைச் செய்தனர். இரண்டு வேகங்களும் ஒன்றே என்று தெளிவாயிற்று. இந்தச் சறசன் என்பவரே முன்னர் ஜெனீவா ஏரியின் ஏற்ற இறக்கத்தைத் தானே பதியும் கருவியொன்றை அமைத்து, போறெல் கண்ட நின்ற அலைகளைப் பதிவுசெய்தவர். 73 நிமிடத்துக்கு ஒருமுறை ஆடும் ஏரியையும், செக்கனுக்குப் பல கோடி முறை ஆடும் மின்னலையையும் ஒரே மனிதர் ஒரே அறிவால் அளந்தார் என்பது எண்ணி மகிழத்தக்கது. ஹேர்ட்ஸ் 1894ஆம் ஆண்டின் முதல் நாளிலே, 36 வயதில் மறைந்தார்.

பின்னர் 1950ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் தேசிய பௌதிக ஆய்வுகூடத்தைச் சேர்ந்த லூயி எசென், ஓர் உலோக உருளையின் உட்குழியில் மின்காந்த அலையை நிற்கவைத்து, அதன் வேகம் செக்கனுக்கு 299,792.5 கிலோமீற்றர் என்று கண்டார். இன்று உலகம் ஏற்றுள்ள அளவு 299,792.458. நின்ற அலை காட்டிய விடை இவ்வளவு நெருங்கியதாக அமைந்தது. உலகிலே யாவற்றினும் விரைந்து செல்வதன் வேகத்தை, நகராத வடிவம் ஒன்று மிகத் துல்லியமாக எடுத்துரைத்தது.

பழைய வானொலிப் பெட்டிகளின் முகப்பிலே இரண்டு வரிசை எண்கள் காணப்படும். ஒன்று மீற்றர், மற்றொன்று மீடிறன். சிற்றலை வரிசையில் 31 மீற்றர் என்னும் பகுதிக்கு நேரே செக்கனுக்கு 96 இலட்சம் அதிர்வு என்னும் அளவு நிற்கும். இரண்டையும் பெருக்கினால் 30 கோடி மீற்றர் அளவு வரும். அதுவே ஹேர்ட்ஸ் தேடிய வேகம். முள்ளை எங்கே திருப்பினாலும் பெருக்குத்தொகை மாறுவதில்லை. நிலையத்தைத் தேடி முள்ளைத் திருப்பிய ஒவ்வொரு நேயரும் அறியாமலே இந்தச் சூத்திரத்தைக் கையாண்டவரே.

இந்த அறிவின் பயன் யாது? 2004ஆம் ஆண்டின் அந்தக் காலை வேளையை மீண்டும் நினைவுகூரலாம். கடலில் வந்த அலை 1,600 கிலோமீற்றர் கடக்க இரண்டு மணி நேரம் எடுத்தது. பூமியினூடாக வந்த நிலநடுக்க அலை சில நிமிடங்களிலேயே இலங்கையை எட்டியது. வானொலி அலைக்கோ அதே தூரம் செக்கனில் நூறிலொரு பங்கு நேரமும் வேண்டாத பயணம். கொல்ல வந்த அலையை முந்தவல்ல அலைகள் மனிதனிடம் இருந்தன. பசிபிக் சமுத்திரத்துக்கு 1949ஆம் ஆண்டு முதலே எச்சரிக்கை நிலையமும் இருந்தது. இந்து சமுத்திரத்துக்கு அத்தகைய ஒழுங்கு இருக்கவில்லை. கரையிலிருந்தோருக்குச் சொல்லவேண்டிய செய்தி இரண்டு மணி நேரம் சொல்வாரின்றிக் கிடந்தது. அந்தப் பேரழிவின் பின்னரே யுனெஸ்கோவின் முயற்சியால் இந்து சமுத்திர எச்சரிக்கை ஒழுங்கு உருவாயிற்று. 2011ஆம் ஆண்டு முதல் அவுஸ்திரேலியா, இந்தியா, இந்தோனேசியா ஆகிய நாடுகளின் நிலையங்கள் அப்பொறுப்பை ஏற்றன.

செய்தி செல்வதற்குச் செக்கனின் ஒரு துணுக்குப் போதும். அதனைப் புரிந்துகொள்வதற்குப் பல ஆண்டுக் கல்வி வேண்டும். நடுக்கடலில் அமைதியாயிருக்கும் நீரின் அடியிலே விமான வேகம் ஓடக்கூடும் என்பதையும், ஒரு மேட்டின் பின் இன்னொரு மேடு வரும் என்பதையும் அறிந்த கிராமம், ஒலிபெருக்கி அழைத்தவுடன் மேட்டுநிலம் நோக்கி நடக்கும். அறியாத கிராமம் வற்றிய கடலை வேடிக்கை பார்க்கப் போகும். ஆகவே வகுப்பறையிலே ஒரு பிள்ளை எழுந்து, நிற்கின்ற அலைக்கு வேகம் ஏது என்று கேட்டால், பரீட்சைக்கு வேண்டிய சூத்திரத்தை எழுதிக்கொள் என்று அப்பிள்ளையை அமர்த்திவிடலாகாது. ஒரு கயிற்றை எடுத்து மரத்திலே கட்டிக் காட்டுவதே ஆசிரியருக்கு அழகு. போகும் அலையையும் திரும்பும் அலையையும் தன் கையாலே உணர்ந்த பிள்ளை அதனை மறப்பதில்லை.